புல்லிவட்டத்தின் சாட்சியம்

ஐப்பசி மழை ஓரிரு முறை பெய்து ஓய்ந்ததும், கோடை முழுவதும் முள்ளும் சுள்ளியுமாய்க் கிடந்த கிராமத்துக் கிளுவை வேலிகளின்மேல், எப்போது முளைத்தது என்று ஒருவரும் கவனியாத மெல்லிய கொடியொன்று ஏறிப் படர்ந்து, கிழக்கு வெளுக்குமுன்பே நீலப் புனல்களை வரிசையாக விரித்து வைத்துவிடுகிறது. வெயில் ஏறி முற்பகல் முடிவதற்குள் அந்தப் புஷ்பங்களின் விளிம்பு உட்புறமாகச் சுருண்டு, நீலம் செந்நீலமாக மாறி, மறுநாள் அதே இடத்தில் வேறு மொட்டுகள் மலரக் காத்திருக்கின்றன. இது என்ன பூ என்று வழியில் நால்வரைக் கேட்டால், ஒருவர் காக்கட்டான் என்பார், ஒருவர் ஊதாப்பூ என்பார், நாட்டு மருந்துக்கடைக்காரர் இதன் விதையை மட்டுமே அறிந்தவராதலால் கொடிக்காக்கட்டான் விதை என்பார், பட்டணத்து நர்சரிக்காரர் மார்னிங் குளோரி என்று சொல்லி முடித்துக்கொள்வார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் காக்கட்டான் என்ற பெயர் அவரை இனத்தைச் சேர்ந்த சங்குப்பூவுக்கும் வழங்குவது. ஊதாப்பூ என்பது ஒரு வர்ணத்தின் பெயரேயன்றி ஒரு செடியின் பெயரன்று. மார்னிங் குளோரி என்பதோ பல கண்டங்களில் பரவியுள்ள நூற்றுக்கணக்கான கொடிகளுக்குப் பொதுவாக இட்ட பெயர். ஆகவே கொடி யார் என்ற கேள்வி, நால்வரும் பதில் சொன்ன பின்பும் முழுதாக நம் முன்னே நிற்கிறது.

கேள்வியைத் தீர்க்க முற்படுபவர் இயல்பாகச் செய்யும் காரியம் பூவின் முகத்தை உற்றுப் பார்ப்பதுதான். நிறம் என்ன, அகலம் எவ்வளவு, தொண்டை வெளுப்பா மஞ்சளா என்றெல்லாம் குறித்துக்கொள்வார். இந்தக் குடும்பத்தில் அந்த முறை அவ்வளவாகப் பயன்படாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்த செய்தி. ஒரே இனத்தின் இரு கொடிகள், ஒன்று நீலமாகவும் ஒன்று இளஞ்சிவப்பாகவும், ஒரே வேலியில் பூத்திருக்கக்கூடும். இருவேறு இனங்களின் பூக்கள், அருகருகே வைத்தாலும் பிரித்தறிய முடியாதபடி, ஒரே நீலத்தையும் ஒரே புனல் வடிவத்தையும் கொண்டிருக்கக்கூடும். பூச்சிகளை ஈர்ப்பதற்காக அமைந்த முகம் அது; நம்மை மயக்குவதிலும் அது குறைவதில்லை. அடையாளத்தின் சாட்சிகள் பெரும்பாலும் பூவின் முதுகுப்புறத்திலும், உட்குழியின் அடியிலும், காய்ந்த கனியின் உள்ளேயுமே இருக்கின்றன.

முதலில் குடும்பத்தை நிச்சயித்துக்கொள்வோம். கான்வால்வுலேசியே என்று தாவர சாஸ்திரிகள் அழைக்கும் இக்குடும்பத்தின் கொடிகளுக்குப் பாகற்கொடிக்கு உள்ளது போன்ற பற்றுக்கம்பி கிடையாது. தண்டே கொழுகொம்பைச் சுற்றி ஏறும். அது சுற்றும் திசையும் தற்செயலானதன்று. நமக்கு எதிரே நிற்கும் கம்பின் முன்பக்கத்தில் தண்டு இடக்கீழிலிருந்து வலமேலாகச் செல்வதைக் காணலாம். மேலிருந்து குனிந்து பார்த்தால் அதன் நுனி கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் ஆராய்ச்சி வெளியிட்ட சார்லஸ் டார்வின், இக்கொடிகளின் நுனி சூரியன் செல்லும் திசைக்கு எதிராகவே வட்டமிடுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து குறித்திருக்கிறார். காய்வள்ளிக்கொடி இதற்கு நேர் எதிர்த்திசையில் சுற்றும். இதய வடிவ இலையைப் பார்த்து இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்திலிருந்தே பல நரம்புகள் வில்லாக வளைந்து நுனியை நோக்கிச் செல்கின்றனவா, அன்றி ஒரு நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் பிரிகின்றனவா என்று பார்த்தால் போதும். முதலாவது வள்ளி, இரண்டாவது நமது கொடி.

இலைகள் தண்டின்மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும். ஒரு கணுவில் இரண்டு எதிரெதிராக இருப்பதில்லை. பங்களாத் தோட்டங்களில் பந்தலேற்றும் நீலத் துன்பெர்ஜியாவைக் கண்டு ஏமாறுவோருக்கு இந்த ஒரு லட்சணமே போதுமான மருந்து. அதன் இலைகள் எதிரெதிராக நிற்பவை, குடும்பமும் வேறு. இலைக்காம்பைக் கிள்ளினால் இக்குடும்பத்தின் பல இனங்களில் வெண்பால் கசியும்; எனினும் எல்லா இனங்களிலும் கசியாது, கசிவதெல்லாம் இக்குடும்பமும் ஆகாது. மஞ்சள் புனலாகப் பூக்கும் அலமாண்டாவிலும் பால் உண்டு; ஆனால் அதன் தடித்த இலைகள் ஒரே கணுவில் மூன்று நான்காகச் சூழ்ந்து நிற்கும்.

குடும்பத்தின் அசைக்க முடியாத முத்திரையைக் காண, மறுநாள் மலரவிருக்கும் ஒரு மொட்டை முதல்நாள் மாலையில் பறித்துக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது திருகிக் கூராக நிற்கும். திருகலின் வெளிப்புறத்தில் ஐந்து நீண்ட பட்டைகள் நிறம் சற்று வேறுபட்டு, சற்றே தடிப்பாகத் தெரியும். பட்டைகளுக்கு இடையே உள்ள மெல்லிய திசுவோ, மடக்கிய குடையில் கம்பிகளுக்கு இடைப்பட்ட துணி உள்ளே மடிந்து கிடப்பது போல, வெளியே தெரியாமல் மடிந்திருக்கும். விடியற்காலையில் ஐந்து பட்டைகளும் நிமிர்ந்து விரியும்போது அந்த மடிப்பு முழுவதும் விரிந்து புனலாகிறது. மலர்ந்த பூவில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஓடும் ஐந்து முனை நட்சத்திரமாக நாம் காண்பது இந்தப் பட்டைகளைத்தான். பட்டையின் உட்பக்கச் செல்களும் வெளிப்பக்கச் செல்களும் வெவ்வேறு அளவில் நீரை ஏற்பதும் இழப்பதுமே பூ விரிவதற்கும் சுருள்வதற்கும் காரணம். சுருளும் வேளையில் பூவிலேயே உண்டாகும் எத்திலீன் என்னும் வாயு அந்த வாட்டத்தை விரைவுபடுத்துகிறது. மாங்காய் பழுப்பதற்குக் காரணமான அதே வாயு.

இப்போது பூவைக் கவிழ்த்து அதன் முதுகைப் பார்ப்போம். புனலின் அடியை ஐந்து பச்சைப் புல்லிகள் தாங்கி நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக, ஒன்றின் விளிம்பை மற்றொன்று சிறிது மூடியவாறு அமைந்தவை. கத்தரிப்பூவில் புல்லிகள் இணைந்து ஒரே கிண்ணமாக இருப்பதை நினைவில் கொண்டால் வேறுபாடு விளங்கும். இத்தனைக்கும் கத்தரியின் குடும்பம் இதற்கு மிக நெருங்கிய உறவு. இந்த ஐந்து புல்லிகளின் நீளம், நுனியின் கூர்மை, அந்த நுனி நிமிர்ந்து நிற்கிறதா பின்னால் வளைகிறதா என்பது, மயிர்கள் இருந்தால் அவை விறைப்பாக விரிந்து நிற்கின்றனவா தோலோடு படிந்து கிடக்கின்றனவா என்பது ஆகியவற்றையே நீலப்பூ மார்னிங் குளோரிகளின் வழக்கில் நீதிபதி சாட்சியமாக ஏற்றுக்கொள்கிறார். வெறுங்கண்ணுக்கு இவை தெரியும்; மலிவான பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் ஐயமே எழாது.

நமது வேலிக்கொடியின் புல்லிகள் இரண்டு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீண்டு, அடியில் சற்று அகன்று, பின்னர் படிப்படியாகக் குறுகி நூல்போன்ற நீண்ட நுனியில் முடிகின்றன. அடிப்பாகத்தில் விறைத்த நீள்மயிர்கள் அடர்ந்திருப்பதால், பூவை எடுக்கும் விரலில் அவை உறுத்தும். இலை பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். இவையெல்லாம் ஒருங்கே கூடினால் அது ஐப்போமியா நில் என்று துணிந்து எழுதிவிடலாம். புல்லிகள் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாமல், நுனி நூலாக நீளாமல் வெறுமனே கூராக முடிந்து, இலையும் பிளவுபடாத முழு இதயமாக இருந்தால் அது ஐப்போமியா பர்ப்யூரியா. மேலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து பரவிய இக்கொடியை நம்முடைய சமவெளிகளைக் காட்டிலும் மலையூர்களில் எளிதாகக் காணலாம். நுனி நீண்டு, ஆனால் வெடுக்கென்று வெளிப்புறமாக வளைந்து, பூவும் சிறியதாக இருந்தால் அமெரிக்க வயல்களின் களையான ஐப்போமியா ஹெடரேசியா. புல்லியில் மயிர் இருந்தும் அவை விறைப்பின்றி மென்மையாகப் படிந்திருக்க, கொடி ஓராண்டில் மடியாமல் கணுக்களில் வேர்விட்டுப் பல்லாண்டு வாழ்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்தும் விதை பிடிப்பது அரிதாக இருந்தால் ஐப்போமியா இண்டிகா. மயிரே இல்லாத வழவழப்பான புல்லிகளின் மேல் வான நீலம் விரிந்திருந்தால், விதைப் பொட்டலங்களில் ஹெவன்லி புளூ என்ற பெயரில் விற்கும் ஐப்போமியா டிரைகலர். ஐந்தும் நீலமாகப் பூக்கக்கூடியவை, ஐந்தும் புனல் வடிவம், ஐந்தும் அதிகாலையில் மலர்பவை. முன்னால் நின்று பார்ப்பவருக்கு இவை ஒரே பூ.

இந்தக் குழப்பம் பாமரர்க்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூக்கர் பதிப்பித்த பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலில் இக்குடும்பத்தை எழுதிய சி. பி. கிளார்க், நமது கொடியை ஹெடரேசியா என்ற பெயரின் கீழேயே சேர்த்துவிட்டார். அவரைப் பின்பற்றி இந்திய மருத்துவ நூல்கள் பலவும் நெடுங்காலம் அதே பெயரை அச்சிட்டு வந்தன. விஷயம் வெறும் பெயர்த் தகராறு அன்று. காளாதானா என்று வடக்கே வழங்கும் இதன் கரிய விதையை, மெக்சிகோவிலிருந்து இறக்குமதியான ஜாலப் என்னும் பேதிமருந்துக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று கண்டு, 1868இல் வெளியான இந்திய மருந்தியல் நூலில் சேர்த்திருந்தார்கள். ஜாலப்பும் ஓர் ஐப்போமியாவின் கிழங்கே. கடுமையாகக் கழியச் செய்யும் பிசின் இக்குலத்தில் பல இனங்களின் வேரிலும் விதையிலும் உண்டு. அளவு இனத்துக்கு இனம் மாறும். தின்னக்கூடிய பொருளின்மேல் தவறான பெயர் ஒட்டுமானால், புல்லியின் நீளம் ஒரு புலமை விளையாட்டாக நின்றுவிடுவதில்லை.

ஐப்போமியா என்னும் பேரினம் எவ்வளவு பெரிதென்றால், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020இல் அமெரிக்கக் கண்டங்களின் இனங்களை மட்டும் தொகுத்தபோதே 425 இனங்கள் வந்தன. தமிழ்நாட்டில் நாம் நித்தமும் காண்பவை அப்பேரினத்தில் சிறு பகுதிதான். ஆயினும் அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே எத்தனை விநோதங்கள்! கடற்கரை மணலில் முழங்கால் உயரமும் எழாமல் நெடுந்தூரம் ஓடும் அடும்பு, ஐப்போமியா பெஸ்-கேப்ரே. அதன் இலை நுனியில் பிளந்து இரு மடல்களாக நிற்பதை மானின் குளம்படிக்கு ஒப்பிட்டுக் குறுந்தொகையில் ஒரு புலவர் பாடியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடனில் உலர்த்திய மாதிரிகளைக் கொண்டு எழுதிய லின்னேயஸ் அதே இலையைக் கண்டு ஆட்டின் பாதம் என்று பெயரிட்டார். நெய்தல் நிலத்தில் நின்று பார்த்தவரும் காகிதத்தில் ஒட்டியதைப் பார்த்தவரும் பிளவுண்ட குளம்பையே கண்டார்கள் என்றால், அந்த லட்சணம் எவ்வளவு தெளிவானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அடும்பின் விதைகள் கடல் நீரில் மிதந்து, முளைக்கும் சக்தி கெடாமல் கரை சேர்பவை. உலகின் வெப்ப மண்டலக் கடற்கரைகள் அனைத்திலும் இக்கொடி இருப்பதற்கு அதுவே காரணம்.

ரயில்பாதை ஓரத்துக் கம்பி வேலிகளில் ஊதா நிறமாக மண்டிக்கிடக்கும் ஐப்போமியா கைரிகாவை இலையைக் கொண்டே சொல்லிவிடலாம். அது உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோல ஐந்தாகவோ ஏழாகவோ அடிவரை பிளந்திருக்கும். புலிச்சுவடியின் இலையும் பிளந்ததே, ஆனால் அடிவரை அன்று. செடி முழுவதும் மஞ்சள் பாய்ந்த முரட்டு மயிர். வெண்ணிறப் பூக்கள் செதில்கள் சூழ்ந்த கொத்தில் அமர்ந்து மாலையில் மலரும். சீப்பின் பற்களைப் போல நுணுக்கமாகப் பிளந்த இலையும் செக்கச் சிவந்த சிறு நட்சத்திரப் பூவும் உடையது மயில்மாணிக்கம். சிறுதாளியின் பூ வெளிறிய மஞ்சள். குளக்கரையில் உட்புழையான தண்டோடு நீரின்மேல் மிதப்பது வள்ளைக்கீரை. இலங்கையில் அதைக் கங்குங் என்று கறி சமைக்கிறார்கள். கொடியாக ஏறும் வழக்கத்தையே விட்டுப் புதராக நிற்பது, வாய்க்கால் கரைகளையெல்லாம் கைப்பற்றிக்கொண்ட நெய்வேலிக் காட்டாமணக்கு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இதை மேய்ந்த ஆடுகளுக்கு நரம்புக் கோளாறு உண்டாவதைக் கண்டவர்கள் இதன் இளஞ்சிவப்புப் பூவை அழகு என்று சொல்லமாட்டார்கள். இவையனைத்துக்கும் தலைமை வகிப்பது, பொங்கலன்று நம் அடுப்பில் வேகும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அது பூப்பதைப் பார்த்தவர்கள் சிலரே. பூத்தால் தெரிவது அதே புனல், அதே ஐந்து பட்டை. அதன் மரபணுத் தொகுதிக்குள் மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவின் சில மரபணுக்கள் இயற்கையாகவே புகுந்து தங்கியிருப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். மனிதன் அந்தத் தொழிலைச் சோதனைச் சாலையில் கற்றுக்கொள்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்த காரியம் அது.

இரவில் வெண்ணிறமாக மலர்ந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும் ஐப்போமியா ஆல்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்டைய மெக்சிகோ மக்கள் காஸ்டில்லா என்னும் மரத்தின் பாலோடு இக்கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளும் பந்துகளுக்கான ரப்பரைத் தயாரித்தார்கள். குட்இயர் கந்தகத்தைக் கொண்டு ரப்பரைப் பதப்படுத்துவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தொழில்நுட்பம் அது என்பதை 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பொருள்களைச் சோதித்து நிறுவினார்கள்.

உறவினரின் வரிசை நீண்டுவிட்டது; பூவுக்குத் திரும்புவோம். புனலை நெடுக்காகக் கீறி விரித்தால், ஐந்து மகரந்தத் தாள்கள் குழலின் அடியோடு ஒட்டி எழுவதையும், ஒன்றுக்கொன்று நீளம் வேறுபடுவதையும், ஒட்டிய இடத்தில் நுண்மயிர் இருப்பதையும் காண்கிறோம். நடுவே சூலகத்தண்டு ஒன்று. அதன் உச்சியிலுள்ள சூல்முடியில்தான் பேரினத்தின் ரகசியம் இருக்கிறது. ஐப்போமியாவில் அது உருண்டை, அல்லது இரண்டு மூன்று உருண்டைகள் ஒட்டியது. கான்வால்வுலஸ் என்னும் பேரினத்தில் இரண்டு மெல்லிய நீள்கிளைகளாகப் பிரிந்திருக்கும். தரையோடு தரையாகப் படர்ந்து சிறு நீலப்பூ பூக்கும் விஷ்ணுக்கிராந்தியிலோ தண்டே இரண்டு, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்து நான்கு முனைகள். இதற்குமேலும் நிச்சயம் வேண்டுவோர் மகரந்தத்தை ஒரு கறுப்புத் தாளில் உதிர்த்துப் பூதக்கண்ணாடியால் நோக்கலாம். ஐப்போமியாவின் மகரந்தமணி ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன் உடையது. பூக்களின் உலகில் அது ஒரு பூதம். உருண்டையான அதன் மேற்பரப்பு முழுவதும் முட்கள். உருவில் இதையே ஒத்த மெர்ரீமியாவின் மகரந்தமணியிலோ முள் கிடையாது. மகரந்தப்பைகளும் பூ மலர்ந்ததும் திருகிக்கொள்ளும். பல தலைமுறைகளாகத் தாவர சாஸ்திரிகள் நம்பிவந்த இந்த மெர்ரீமியாவே ஒரே மூதாதையின் வழித்தோன்றலன்று என்று மரபணு ஆராய்ச்சி இப்போது காட்டிவிட்டபடியால் பெயர்கள் மறுபடி மாறிக்கொண்டிருக்கின்றன. அதை எண்ணி மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. பெயர்ப்பலகை மாறினாலும் முள் இருக்கும் மணியில் முள் இருந்துகொண்டுதான் இருக்கும்.

நமது கொடியின் பூவுக்குள் இன்னொரு நிகழ்ச்சியும் நடக்கிறது. மலர்வதற்கு முந்தைய சில மணி நேரத்தில் மகரந்தத் தாள்கள் வேகமாக நீண்டு, சூல்முடியை உரசிக்கொண்டு மேலேறுகின்றன. ஆகவே தேனீ வந்து சேருமுன்பே பூ தன் மகரந்தத்தால் தானே கருவுற்றிருக்கும். டார்வின் இக்கொடியின் நெருங்கிய உறவான பர்ப்யூரியாவை எடுத்துக்கொண்டு, தன்மகரந்தத்தால் பிறந்த செடிகளையும் அயல்மகரந்தத்தால் பிறந்தவற்றையும் பத்துத் தலைமுறைகள் அருகருகே வளர்த்து, உயரத்தை அளந்து 1876இல் முடிவை வெளியிட்டார். அயற்கலப்பில் பிறந்தவை 100 என்றால் தற்கலப்பில் பிறந்தவை சராசரி 77. ஆனால் ஆறாம் தலைமுறையில் தற்கலப்பில் பிறந்த செடியொன்று, விதிக்கு அடங்காமல் தன் போட்டியாளரை அரை அங்குலம் மிஞ்சி வளர்ந்துவிட்டது. பொறாமையின்றி அதற்கு வீரன் என்ற பொருள்பட ஹீரோ என்று பெயரிட்ட அந்தப் பெரியவர், அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூட அந்த வீரியத்தை ஓரளவு பெற்றிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்.

பூ சுருண்டு விழுந்தபின் மிஞ்சும் காய் உலர்ந்து வெடிக்கும்போது உள்ளே மூன்று அறைகளும், அறைக்கு இரண்டாக ஆறு விதைகளும் இருக்கும். விதை கறுப்பு, ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் இரு தட்டை முகங்கள் விளிம்பில் சந்திக்கும். அதன் தோல் நீரை எளிதில் உள்ளே விடாது. ஆதலால் விதைப்பவர்கள் உப்புத்தாளில் சிறிது தேய்த்து இரவு முழுவதும் ஊறவைப்பார்கள். முளைத்தெழும் இரண்டு வித்திலைகளும் நுனியில் ஆழமாகப் பிளந்து தனித்தனியே இரு செவிகளாக விரியும். பூவும் புல்லியும் பிறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, களை பறிக்கும் விவசாயி இந்தப் பிளவைக் கொண்டு குலத்தைச் சொல்லிவிடுகிறார்.

நிறத்தை நம்பாதே என்று தொடக்கத்தில் எழுதினேன். ஏன் நம்பக்கூடாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். டிரைகலரின் மொட்டு முதல்நாள் செந்நீலமாக இருக்கிறது, காலையில் வான நீலமாக மலர்கிறது, வாடும்போது மீண்டும் செம்மை ஏறுகிறது. இந்த நாடகம் முழுவதிலும் வேடம் மாறுகிறதே தவிர நடிகர் மாறுவதில்லை. நிறமி ஒன்றே: ஆறு குளுக்கோஸும் மூன்று கஃபேயிக் அமிலமும் கோத்த ஓர் ஆந்தோசயனின். மாறுவது, இதழின் மேற்றோல் செல்களுக்குள் அந்த நிறமி கரைந்துள்ள சாற்றின் அமிலத்தன்மை. ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணிய மின்முனையைச் செல்லுக்குள் செலுத்தி அளந்து 1995இல் அறிவித்தபடி, மொட்டில் 6.6 ஆக இருந்த பி.எச். எண் மலர்ந்த பூவில் 7.7 ஆக உயர்கிறது. தாவரச் செல்லின் உட்சாறு பொதுவாகப் புளிப்புடையது; அதைக் காரமாக்கிக்கொள்வது செடியுலகில் எளிதில் காணாத துணிவு. நமது கொடியான நில்லில் இந்த வேலையைச் செய்யும் மரபணுவை 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்: சோடியத்தை உள்ளே வாங்கி ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் ஒரு புரதத்துக்கு அது குறிப்பு. அந்த மரபணு கெட்டுப்போன கொடியில் பூ நீலமாகாமல் ஊதாவாகவே நின்றுவிடுகிறது. ஒரே ஒரு மரபணு பழுதானால் மாறிவிடும் நிறத்தை இனத்தின் அடையாளமாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

அந்தப் பழுதுகளையே கலையாக வளர்த்த நாடு ஜப்பான். நில்லின் விதை மருந்தாகச் சீனத்திலிருந்து நாரா காலத்தில் அங்கே சென்றது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அசகாவோ என்ற பெயரில் வெறியாகவே மாறியது. 1804 முதல் 1830 வரை ஓர் அலை, 1848 முதல் 1860 வரை மற்றோர் அலை. நூலாய்க் கிழிந்த பூக்கள், இதழ்மேல் இதழ் அடுக்கிய பூக்கள், பூவா இலையா என்று சொல்ல முடியாதபடி சுருண்டவை என எத்தனையோ உருவங்களை வண்ணப்படங்களாக அச்சிட்டு விற்றார்கள். ஒரு மரபணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் டி.என்.ஏ. துண்டுகள் இக்கொடியில் ஏராளம் என்பதையும், பிறழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அவையே காரணம் என்பதையும் பிற்காலத்து ஆய்வு காட்டியது. 2016இல் நில்லின் 15 இணைக் குரோமோசோம்களிலும் அடங்கிய மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது.

எனக்கு வியப்பளிப்பது அந்தப் பூக்களைவிட அவற்றை வளர்த்தவர்களின் கணக்கு. மிக விசித்திரமான பூக்களில் மகரந்தத் தாள்களும் சூலகமும் இதழாக மாறிவிடுவதால் அவை விதை தருவதில்லை. ஆகவே விசித்திரமான செடியை ரசித்துவிட்டு, அதனோடு பிறந்த சாதாரணச் செடிகளின் விதைகளைத் தனித்தனிப் பொட்டலங்களில் சேமித்து, எந்தப் பொட்டலத்தில் பிறந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று மறுபடி விசித்திரமாக வருகிறதோ அந்த வம்சத்தை மட்டும் காத்துவந்தார்கள். மெண்டல் தம் பட்டாணி ஆராய்ச்சியை அச்சிட்டது 1866இல். எடோவின் தோட்டக்காரர்களுக்கு மரபணு என்ற கருத்தே தெரியாது. ஒடுங்கு பண்பைச் சுமக்கும் தாய்ச்செடியைத் தேர்ந்தெடுக்கும் வித்தை மட்டும் தெரிந்திருந்தது. அவர்கள் பூக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. நூற்றுக்கணக்கில் முளைவிட்ட நாற்றுகளின் வித்திலை வடிவத்தையும் முதல் இலையின் சுருளையும் பார்த்தே, எது விசித்திரமாகப் பூக்கும், எது பயனற்றது என்று பிரித்து, வேண்டாதவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் காத்த வம்சங்களிற் பல இன்று கியூஷூ பல்கலைக்கழகத்தின் விதைத் தொகுப்பில் இருக்கின்றன; ஆய்வாளர்கள் கேட்டால் அங்கிருந்து விதை அனுப்புகிறார்கள்.